எவ்வளவு காலம் நிற்பீர்கள்? தனியே வாழப் புறப்படும் இளைஞருக்கு வழிகாட்ட முன்வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது

தன்னார்வ வழிகாட்டியாகச் சேர விரும்புகிறவர் வழக்கமாகத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி, "எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கத் தெரியும்?" என்பது. ஓய்வுபெற்ற கணக்காளர், பணத்தைக் கையாளக் கற்றுத்தரலாம் என்று நினைக்கிறார். மனிதவளத் துறையில் இருப்பவர் நேர்காணலுக்குத் தயார்செய்யலாம் என்கிறார். தனக்கு எதுவும் தெரியாது என்று நம்புகிறவர் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறார். இந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். இன்றிலிருந்து பதினைந்து மாதம் கழித்தும் அதே இளைஞரின் அழைப்பை எடுக்கும் நிலையில் இருப்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே வரும் வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்து வயது வரம்பு காரணமாக வெளியேறுகிறவர்கள், உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்டு வேலை தேடுகிறவர்கள், பெற்றோர் இருந்தும் அவர்களிடம் எதையும் கேட்க முடியாத வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள். பதினாறிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள். பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதை, முழுப் பெரியவராகவும் ஆகாத, பிள்ளைப் பருவத்திலும் இல்லாத தனியொரு கட்டம் என்று 2000-ஆம் ஆண்டில் வரையறுத்தார் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட். குடும்பத்தின் துணை உள்ள இளைஞர் இந்தக் கட்டத்தில் வீட்டைவிட்டுப் போவார், வேலை சரிப்படாவிட்டால் திரும்பி வருவார், மறுபடியும் போவார். நாம் பேசும் இளைஞருக்குப் போவது மட்டும்தான் உண்டு.

அவருக்குத் தேவைப்படுவது இரண்டு. ஒன்று, தெரிந்துகொள்ள வேண்டியவை: வாடகை ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும், சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் எதற்காக, அடையாள ஆவணம் தொலைந்தால் யாரிடம் போவது. இவற்றை வகுப்பறையில் கற்பிக்க முடியும். மற்றொன்று, வகுப்பில் அடங்காதது. மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு, நாளை முதல் வேலைக்குப் போகப்போவதில்லை என்று இரவு பத்து மணிக்கு முடிவெடுக்கிறார். அந்த நேரத்தில் அழைக்க ஓர் ஆள் வேண்டும். இந்த இரண்டில் எதைத் தருகிறோம் என்பதில்தான் வழிமுறைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

ஒருவருக்கு ஒருவர்

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இது. 1904-இல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்டர், வழக்கில் சிக்கி வரும் சிறுவர்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் நண்பராக இருக்க வேண்டும் என்று சொல்லித் தன்னார்வலர்களைத் திரட்டினார். இன்றைய 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது. அமைப்பு இருவரை இணைத்துவைக்கும், அவர்கள் மாதத்தில் சில முறை சந்திப்பார்கள், குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும். நிபந்தனை பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1995-இல் வெளியான ஓர் ஆய்வு. அந்த அமைப்பின் எட்டுக் கிளைகளில் 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 18 மாதம் கவனித்தார்கள். வழிகாட்டி கிடைக்க வாய்ப்புப் பெற்ற பிரிவினரிடம் போதைப்பொருள் பழக்கம் புதிதாகத் தொடங்குவது 46 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்களும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆனால் நாம் முடிவெடுக்க உதவுவது இதைவிட அடுத்து வந்த ஆய்வுதான். அதே தரவுகளை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் உறவு நீடித்த கால அளவுப்படி பிரித்துப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த இணைகளில்தான் நன்மை மிகுதியாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், அந்தப் பிள்ளைகளின் சுயமதிப்பு வழிகாட்டியே கிடைக்காதவர்களுடையதைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதாவது, வந்து பாதியில் போனவர் வராமலே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பல கைகள் மாறி வளர்ந்த ஒருவருக்கு, பெரியவர்கள் வருவார்கள், கொஞ்ச நாளில் போவார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்த பாடம். ஆர்வத்தோடு வந்து அலுவலக இடமாற்றத்தைக் காரணம் சொல்லி விலகும் தன்னார்வலர் அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்திவிட்டுப் போகிறார். அவருடைய காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். அந்த இளைஞர் இதுவரை கேட்ட எல்லாக் காரணங்களும் நியாயமானவையாகவே இருந்திருக்கும்.

மேலே சொன்ன ஆய்வுகள் சிறுவர்களைப் பற்றியவை என்பதையும் மறந்துவிடக்கூடாது. பதினொரு வயதுப் பிள்ளையை விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துப் போகலாம், அவர் எங்கே இருப்பார் என்பதும் நமக்குத் தெரியும். பதினெட்டு வயதுக்காரர் ஷிஃப்ட் மாறுவார், அறை மாறுவார், தொலைபேசி எண்ணும் மாறும். மூன்று செய்திகளுக்குப் பதில் வராது. "அவருக்கு விருப்பமில்லை போலிருக்கிறது" என்று நல்ல தன்னார்வலர்கள்கூட இந்த இடத்தில்தான் ஒதுங்கிக்கொள்கிறார்கள். விருப்பமில்லை என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேலை போய்விட்ட வெட்கத்தில் இருக்கலாம், கைப்பேசியில் பணம் இல்லாமல் இருக்கலாம், இவர் எத்தனை நாள் தாங்குவார் என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். பதில் எதிர்பார்க்காத ஒரு சிறு செய்தியை வாரந்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கும் பொறுமை உங்களிடம் உண்டா? உண்டென்றால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தலாம். பதில் வராவிட்டால் மனம் புண்படும் சுபாவம் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வழிகள் இருக்கின்றன.

இன்னொரு வேறுபாடு அதிகாரம். சிறுவரைப் பற்றிப் பொறுப்பாளரிடம் பேசலாம். பெரியவராகிவிட்டவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேசுவது நம்பிக்கைத் துரோகம். உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் யாரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு காரியம், ஒரு முடிவு

நீங்கள் ஓராண்டு வாக்குக் கொடுக்க முடியாதவரா? அப்படியானால் நான் முதலில் சிபாரிசு செய்வது, எல்லை குறிக்கப்பட்ட உதவி. ஓட்டுநர் உரிமம் எடுப்பது, ஒரு படிப்புக்கு விண்ணப்பிப்பது, முதல் அறையை வாடகைக்குப் பிடிப்பது என ஏதேனும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு எட்டோ பத்தோ அமர்வுகளில் முடித்துவிடுவது. இதன் பெரிய சிறப்பு, பிரிவு முன்கூட்டியே சொல்லப்பட்டிருப்பது. உரிமம் கைக்கு வந்த நாளில் விடைபெறுகிறவர் யாரையும் கைவிட்டவர் ஆவதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை, காரியத்தைத் தேர்ந்தெடுப்பவர் இளைஞராக இருக்க வேண்டும். தன்னார்வலர் தன்விவரக் குறிப்பு எழுத ஆயத்தமாக வந்திருப்பார். எதிரில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் மனத்தில் இருப்பது, பிரிந்துபோன தங்கை இப்போது எங்கே இருக்கிறாள் என்பதாக இருக்கலாம். அதைத் தேடுவதற்கு மனு எழுத வேண்டும், அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். இவை அத்தனையும் தனியே வாழத் தேவைப்படும் திறன்கள்தான். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் லாரி பவர்ஸும் சக ஆய்வாளர்களும் பராமரிப்பில் இருந்த இளைஞர்களிடம் நடத்திய 'மை லைஃப்' திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. இலக்கை இளைஞர் வைக்கிறார், பயிற்சியாளர் துணை நிற்கிறார், அதே பாதையில் முன்னே நடந்து போன சற்று மூத்தவர்கள் பட்டறைகளில் வந்து பேசுகிறார்கள். அதில் பயிற்சியாளர்கள் தன்னார்வலர்கள் அல்லர், நீடித்ததும் ஓராண்டு. என்றாலும், இலக்கு யாருடையது என்ற ஒரு செய்தியை எட்டு வார உதவிக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. காரியம் முடிந்த மறு வாரம், இரவு பத்து மணிக்கு அழைக்க அந்த இளைஞருக்கு மறுபடியும் ஆள் இல்லை. அந்த இடத்தை நிரப்புவதாகப் பாசாங்கு செய்யாமல் இருப்பதுதான் இந்த வழியின் நேர்மை. "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று கடைசி நாளில் வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதீர்கள்.

குழு

இரண்டு மூன்று தன்னார்வலர்கள், எட்டுப் பத்து இளைஞர்கள், வாரம் ஒரு நாள். தன்னார்வலர்களில் ஒருவர் போனாலும் குழு கலைந்துவிடாது. வேலை நேரம் நிலையில்லாதவருக்கும், இரண்டாண்டுகளில் ஊர் மாறக்கூடியவருக்கும் இது ஒருவருக்கு ஒருவர் முறையைவிடப் பாதுகாப்பானது. இளைஞருக்கு இன்னும் பாதுகாப்பானது. அறிமுகமில்லாத பெரியவரோடு தனியாக உட்காரக் கூசுகிறவர்களும் இங்கே வருவார்கள்.

ஆனால் அமைதியானவர் குழுவில் கரைந்துபோவார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை என்பதையே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வரலாறு தரும் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரு நகரங்களில் 1939-இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர்கள் சராசரியாக ஐந்து ஆண்டுகள் துணையாக இருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து 1978-இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தந்தது. உதவி பெற்றவர்கள் பல வகைகளில் உதவி பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். பிற்பாடு 1999-இல் தாமஸ் டிஷியன் முதலானோருடன் அவர் எழுதிய கட்டுரை, கோடைக்கால முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட சிறுவர்களிடம் அந்தத் தீங்கு குவிந்திருந்ததைக் காட்டியது. சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்தால், அவர்கள் ஒருவரையொருவர் தவறான வழியில் ஊக்குவித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஆகவே குழுவில் சேரும்போது, கூடியிருக்கும் நேரத்தில் செய்வதற்கு உருப்படியான வேலை இருக்கிறதா, பெரியவர்கள் உடன் இருக்கிறார்களா என்று பாருங்கள். சும்மா கூடிப் பேசுவோம் என்ற திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொலைபேசி, காணொலி வழியாக மட்டும் வழிகாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நேரில் பழகியவர்களுக்கிடையே அது உறவைக் காப்பாற்றும், இருவரில் ஒருவர் இடம் மாறினாலும் தொடர வைக்கும். படிப்பு, தொழில் குறித்த குறிப்பான கேள்விகளுக்கும் போதும். முகமே பார்த்திராத இருவரிடையே, அதுவும் பெரியவர்கள்மீது நம்பிக்கை குறைந்த ஒருவரிடம், அதை மட்டும் வைத்துத் தொடங்குவது கடினம்.

அவரே கேட்டால்

எல்லாவற்றிலும் எனக்கு அதிக மதிப்பு உள்ள வழி, தன்னார்வலர் தேர்ந்தெடுக்கவே முடியாத வழி. இளைஞரே தன் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெரியவரைக் காட்டி, "இவர் எனக்கு வழிகாட்டியாக இருக்கட்டும்" என்று சொல்வது. அது ஒரு பழைய ஆசிரியராகவோ, விடுதிக் காப்பாளராகவோ, பகுதிநேர வேலை கொடுத்த முதலாளியாகவோ இருக்கலாம்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்ட 16 முதல் 18 வயது வரையிலானவர்களுக்காக அமெரிக்கத் தேசியக் காவல்படை நடத்தும் 'யூத் சேலஞ்ச்' திட்டத்தில் இந்த முறை இருக்கிறது. 22 வாரம் தங்கிப் பயில்கிறார்கள். பிறகு ஓராண்டு, அவர்களே பெயர் கொடுத்த பெரியவர் துணை நிற்கிறார். 2013-இல் வெளிவந்த ஆய்வின்படி, சேர்ந்து 38 மாதம் ஆன பிறகும் 56 விழுக்காட்டினர் அந்தப் பெரியவரோடு தொடர்பில் இருந்தார்கள், அவர்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பயன் தெரிந்தது. இளைஞர் தாமே தேர்ந்தெடுத்த உறவுகள், பெற்றோரோ பணியாளர்களோ தேடிக்கொடுத்தவற்றைவிட நீண்ட நாள் நிலைத்தன. தொடர்பைக் காத்துக்கொள்ளும் திறன் உள்ளவர்கள் எப்படியும் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் மூன்று ஆண்டு கடந்து பாதிக்கு மேற்பட்டவர்கள் தொடர்பில் இருப்பது சாதாரணமானதல்ல.

ஆகவே அமைப்புகளுக்கு என் பரிந்துரை, புதிய தன்னார்வலரைத் தேடும் முன் அந்த இளைஞரிடம், "உனக்கு ஒரு சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடத் தோன்றும்?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் அந்த ஆளைத் தேடிப் போங்கள், அவருக்குப் பயிற்சி கொடுங்கள். பெயர் எதுவும் வராதவருக்குத்தான் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டும். தனிமனிதர்களுக்குச் சொல்வது, உங்களிடம் படித்த, உங்களிடம் வேலை பார்த்த ஒருவர் தயங்கித் தயங்கி ஏதேனும் கேட்க வந்தால், எந்த அமைப்பிலும் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை, அங்கேயே தொடங்கிவிடலாம். ஆனால் உங்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சந்திப்பது பொது இடத்தில் இருக்கட்டும், உங்கள் வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

கதவைத் திறந்துவிடுபவர்

நேரமே இல்லாத, ஆனால் நாலு பேரைத் தெரிந்த ஒருவருக்கும் இதில் இடம் உண்டு. வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிடப் பட்டும்படாமலும் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதினார். பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்தவருக்கு இல்லாதது இந்த அரைகுறைப் பழக்கங்கள்தான். அவருடைய நண்பர்களும் அவரைப் போலவே வேலை தேடுகிறவர்கள். உங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து மணிநேர அறிவுரை செய்யாததைச் செய்துவிடலாம். முதலாளியிடம், "முதல் மாதம் இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு கண்டிப்பாக இருங்கள்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த இளைஞர் வேலையை விட்டுவிட்டால், "என் பெயரைக் கெடுத்துவிட்டாய்" என்ற வசனத்தை விழுங்கிக்கொள்ள முடிகிறவர் மட்டும் இதில் இறங்கலாம்.

அப்படியானால் யாருக்கு எது? நிலையான இருப்பிடமும் ஒழுங்கான வேலை நேரமும் உள்ள, அடுத்த இரண்டாண்டில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காத ஒருவர், ஒருவருக்கு ஒருவர் முறையை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவருக்கும் புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கும் குழுவோ குறித்த காரியமோதான் ஏற்றது, அவர்களுடைய வாழ்க்கையே இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீட்டுப் பெரியவர்களுக்கு நேரம் உண்டு, ஆனால் பெற்றோராகிவிடும் ஆசையும் கூடவே வரும். இளைஞர் தவறான முடிவு எடுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு பேசலாம் என்று காத்திருக்க முடிகிறதா என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பராமரிப்பு இல்லத்திலிருந்து வந்து தனியே நிலைபெற்றவர்கள் எந்த வழியிலும் மதிப்பு மிக்கவர்கள். அவர்கள்மீது எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிடும் பழக்கம் அமைப்புகளிடம் உண்டு, அதை மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் பணம் என்ற கேள்வி வந்தே தீரும். வாடகைக்குக் கொஞ்சம் குறைகிறது என்பார். கடன் கொடுத்தால் உறவு கடன்காரர் உறவாகிவிடும், திருப்பித் தர முடியாத வெட்கத்தில் அவர் உங்களைத் தவிர்ப்பார், நீங்கள் இழப்பது பணத்தை மட்டும் இல்லை. பெரும்பாலான அமைப்புகள் பணம் கொடுப்பதைத் தடுப்பது இதனால்தான். அவசர நிதி எங்கே கிடைக்கும் என்பதை அவருக்குத் தேவைப்படும் முன்பே சேர்ந்து தேடி வைத்துவிடுங்கள்.

அமைப்பு ஒன்றில் சேர்வதானால் அவர்கள் உங்களைச் சோதிப்பதைப் போல நீங்களும் அவர்களைச் சோதியுங்கள். பின்புலச் சரிபார்ப்பு இல்லாமல் நாளையே வரச் சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். டேவிட் டுபுவாவும் சக ஆய்வாளர்களும் 2002-இல் 55 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வழிகாட்டலின் சராசரிப் பயன் சிறிதாகவே இருந்தது. வழிகாட்டிகளுக்குத் தொடர் பயிற்சி கொடுத்து, திட்டம் நடக்கும் விதத்தைக் கண்காணித்த இடங்களில் அது கூடியது. எனவே, இணைத்துவைத்த பிறகு யார் உங்களோடு மாதாமாதம் பேசுவார் என்று பெயரோடு கேளுங்கள். கடந்த ஆண்டில் பாதியில் முறிந்த இணைகள் எத்தனை, ஏன் முறிந்தன என்று கேளுங்கள். ஒன்றுகூட முறியவில்லை என்றால் அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் விலக வேண்டி வந்தால் என்ன நடைமுறை என்பதையும் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் முன்பு இளைஞரிடம் சொல்ல வேண்டும், கடைசிச் சந்திப்பு நேரில் நடக்குமா, உங்களுக்குப் பின் வருகிறவரை நீங்களே அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா என்பவை அதில் இருக்க வேண்டும்.